ப்ரீ அப்ரூவ்ட் கார்டு வந்திருக்கிறது. உங்களுக்குப் பணம் எந்தத் தேதியில் வருகிறது?

திருப்பூர் பனியன் கம்பெனி டெய்லருக்குச் சனிக்கிழமை சம்பளம். கோவை சரவணம்பட்டியில் ஐடி வேலை பார்ப்பவருக்கு மாதக் கடைசியில். பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணை வைத்திருப்பவருக்கு ஒரு பேட்ச் கோழி ஏறி, கம்பெனிக்காரர்கள் வளர்ப்புக்கூலி போட்ட பிறகு. மஞ்சள் போட்டவருக்கோ தை, மாசியில் வெட்டி, வேக வைத்து, காய வைத்து, ஈரோட்டு மண்டியில் விலை படிந்தால்தான். நாலு பேர் செல்போனுக்கும் வருவது ஒரே செய்தி: 'உங்களுக்கு ₹1,50,000 லிமிட்டில் கிரெடிட் கார்டு ப்ரீ அப்ரூவ் ஆகியுள்ளது. ஆவணம் தேவையில்லை. இன்றே பெறுங்கள்.'

வாங்கலாமா என்ற கேள்விக்கு நாலு பேருக்கும் ஒரே பதில் கிடையாது. கார்டில் என்ன சலுகை, எத்தனை பாயின்ட் என்பதைவிட, பில் கட்டும் தேதியில் உங்கள் கையில் பணம் இருக்குமா என்பதே முதல் கணக்கு. கிரெடிட் கார்டு என்பது மாதச் சம்பளக்காரரின் காலண்டருக்கு ஏற்பச் செய்யப்பட்ட பண்டம். நம் பக்கத்துத் தொழில்கள் பலவற்றின் காலண்டர் வேறு.

'ப்ரீ அப்ரூவ்ட்', அதாவது முன்கூட்டியே ஒப்புதல் ஆனது என்ற சொல்லிலிருந்து தொடங்குவோம். கணக்கு வைத்திருக்கும் வங்கி அனுப்புகிறது என்றால், உங்கள் கணக்கில் விழும் சம்பளம், சராசரி இருப்பு, பிக்சட் டெபாசிட், பழைய வண்டிக் கடனை ஒழுங்காகக் கட்டிய விவரம், கடன் தகவல் நிறுவனம் தரும் ஸ்கோர் இவற்றை வைத்து ஒரு பட்டியல் எடுத்திருக்கிறார்கள். அதில் உங்கள் பெயரும் வந்திருக்கிறது. இதற்காக உங்கள் கடன் வரலாற்று ரிப்போர்ட்டைப் பார்ப்பது ஸ்கோரைக் குறைக்காது. கணக்கே இல்லாத வங்கியிலிருந்து வந்தால், எங்கோ ஒரு ஆப்பில் 'இலவசமாக சிபில் ஸ்கோர் பாருங்கள்' என்று இருந்ததற்குச் சம்மதம் கொடுத்திருப்பீர்கள், அல்லது பொருள் வாங்கும் தளத்தோடு அந்த வங்கிக்குக் கூட்டு இருக்கும். இரண்டிலுமே வங்கி கணக்குப் போட்டிருப்பது நீங்கள் பணத்தைத் திருப்பிக் கட்டுவீர்களா என்பதைத்தான். உங்களுக்கு இது லாபமா என்று அது கணக்குப் போடவில்லை, போடவும் முடியாது.

ப்ரீ அப்ரூவ்ட் என்றாலும் நிராகரிக்கப்படலாம். நம் ஊரில் அடிக்கடி தடுக்குவது இனிஷியல்தான். ஆதாரில் பெயரோடு ஓர் எழுத்து இனிஷியல், பான் கார்டில் அது அப்பா பெயராக விரிந்திருக்கும், வங்கிக் கணக்கில் இனிஷியலே இருக்காது. மூன்றும் பொருந்தாமல் விண்ணப்பம் நின்றுவிடும். இன்னொன்று முகவரி: ஆதார் தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும், வேலையும் வாடகை வீடும் திருப்பூரில். 'சம்மதம்' பொத்தானை அமுக்கியதும் வங்கி முறையான விண்ணப்பமாக எடுத்துக்கொண்டு ரிப்போர்ட்டைக் கேட்கும். இந்த விசாரணை ரிப்போர்ட்டில் பதிவாகும், ஸ்கோரும் சில புள்ளி இறங்கும். ஒன்று நின்றுபோனதே என்று அடுத்தடுத்து மூன்று வங்கியில் அமுக்கினால், கடனுக்கு அலைகிற ஆள் போல ரிப்போர்ட் காட்டும். ஆகவே ஆவணங்களில் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள். நிராகரித்தால் குறிப்பான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. கேட்டு வாங்குங்கள்.

எத்தனை ரூபாய் வட்டி?

கொங்கு நாட்டில் ஆண்டுச் சதவீதத்தில் யாரும் கடன் பேசுவதில்லை. 'நூத்துக்கு எத்தன ரூவா வட்டிங்க?' என்பதே கேள்வி. ஒரு ரூபாய் வட்டி என்றால் நல்ல வட்டி. இரண்டு என்றால் கைமாற்று, பைனான்ஸ். மூன்றுக்கு மேல் போனால் 'ஏமாந்துட்டியே' என்று வீட்டில் சொல்வார்கள். இதே கேள்வியைக் கார்டுக்கும் கேட்க வேண்டும்.

பெரும்பாலான கார்டுகளின் வட்டி மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம். அதாவது மூன்றரை முதல் மூன்றே முக்கால் ரூபாய் வட்டி. அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 3.75-ஐ 1.18-ஆல் பெருக்கினால் 4.42 வருகிறது. ஆக நூற்றுக்கு நாலு ரூபாய் நாற்பத்திரண்டு பைசா வட்டி. வங்கியில் நகை வைத்தால் ஏறத்தாழ 80 பைசா வட்டிக்குக் கிடைக்கிற பணம் இது. வட்டிக்கு மேல்வரம்பு இருக்கிறதே என்று நம்பியிருப்பவர்களும் உண்டு. கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது உண்மைதான். அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது.

முழுத்தொகையையும் கெடு தேதிக்குள் கட்டினால் இந்த வட்டி ஒரு பைசாகூட விழாது. கட்டாவிட்டால் எப்படி விழுகிறது என்பதை ஒரு கணக்கில் பார்த்தால்தான் புரியும்.

மாத பில் போடும் ஸ்டேட்மென்ட் தேதி 15, பணம் கட்டும் கெடு அடுத்த மாதம் 5 என்று வைத்துக்கொள்வோம். மே 20-ல் ₹60,000-க்கு ஒரு தையல் மெஷினைக் கார்டில் எடுக்கிறீர்கள். ஜூன் 15 ஸ்டேட்மென்டில் அது வருகிறது. ஜூலை 5-க்குள் கட்ட வேண்டிய முழுத்தொகை ₹60,000, குறைந்தது இவ்வளவாவது கட்ட வேண்டும் என்கிற மினிமம் டியூ ₹3,000. வேலை கொடுத்த பார்ட்டியிடமிருந்து பில் பணம் இன்னும் வரவில்லை, மூவாயிரம் மட்டும் கட்டிவிடுகிறீர்கள். வட்டி ஜூலை 5-லிருந்துதானே என்று தோன்றும். அப்படி இல்லை. மெஷின் வாங்கிய மே 20-க்கே திரும்பிப் போகிறது. ₹60,000-க்கு 46 நாள் வட்டி ₹3,403. கட்டியது போக ₹57,000-க்கு ஜூலை 15 வரை 10 நாள் வட்டி ₹703. இரண்டும் சேர்ந்து ₹4,106, அதன் மேல் ஜிஎஸ்டி ₹739. மூவாயிரம் கட்டிய பிறகு ஜூலை 15 ஸ்டேட்மென்டில் நிற்கும் தொகை சுமார் ₹61,845. வாங்கியதைவிட அதிகம். அடுத்த மினிமம் டியூவில் இந்த வட்டியும் சேர்ந்து வரும்.

இதோடு நிற்பதில்லை. பழைய பாக்கி முழுதும் தீரும்வரை புதிதாக எடுக்கும் எதற்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. ஜூலை 6-ல் மளிகைக்கு ₹4,000 தேய்த்தால் அன்றிலிருந்தே மீட்டர் ஓடும். 'மினிமம் கட்டிட்டேன், ஒண்ணும் ஆகாது' என்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். மினிமம் டியூ உங்களைத் தாமதக் கட்டணத்திலிருந்தும் ரிப்போர்ட்டில் கெட்ட பெயர் வருவதிலிருந்தும் காப்பாற்றும். வட்டியிலிருந்து காப்பாற்றாது.

ஏடிஎம்மில் கார்டை வைத்துப் பணம் எடுப்பது இன்னும் மோசம். முழுத்தொகை கட்டினாலும் எடுத்த நாளிலிருந்தே வட்டி உண்டு. சுமார் 2.5 சதவீதக் கட்டணம், குறைந்தது ₹500, அதற்கும் ஜிஎஸ்டி. கடையில் கார்டைத் தேய்த்து இரண்டு, மூன்று சதவீதக் கமிஷன் போகப் பணமாக வாங்கிக்கொள்ளும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. இது கார்டு ஒப்பந்தத்துக்கு விரோதம். கண்டுபிடித்தால் வங்கி கார்டை முடக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஒரு கார்டைத் தேய்த்து இன்னொரு கார்டை அடைக்கும் சுழற்சி. ஒவ்வொரு சுற்றிலும் கமிஷன் போய்க்கொண்டே இருக்கும், அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது. இப்படி நாலைந்து கார்டில் சிக்கிய குடும்பங்கள் கடைசியில் நகையையும் காட்டையும் விற்றுத்தான் வெளியே வருகின்றன.

உங்கள் காலண்டரும் கார்டின் காலண்டரும்

மேலே சொன்ன கார்டில் 16-ம் தேதி வாங்கினால் ஏறத்தாழ 50 நாள் வட்டியில்லா அவகாசம். 14-ம் தேதி வாங்கினால் 21 நாள்தான். 'ஐம்பது நாள் வட்டியில்லை' என்று விளம்பரம் சொல்வது மிக நல்ல நாளில் வாங்கினால் கிடைப்பது.

மாதச் சம்பளம் ஒரு தேதியில் வரும் ஆசிரியர், செவிலியர், மில் மேற்பார்வையாளர், ஐடி ஊழியர் இவர்களுக்குக் கார்டு பொருந்தும். சம்பளம் 1-ம் தேதி என்றால் கெடு 5 முதல் 10-க்குள் விழும்படி வைத்துக்கொள்ளலாம். பில்லிங் சுற்றை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. கார்டு வந்த முதல் வாரமே இதைச் செய்துவிடுவது நல்லது. முழுத்தொகைக்கு ஆட்டோ டெபிட் போடுங்கள். படிவத்தில் 'மினிமம்' என்ற கட்டம் முன்பே டிக் ஆகியிருந்தால் அதை எடுத்துவிட்டு 'டோட்டல்' என்று மாற்ற வேண்டும்.

வாரச் சம்பளக்காரருக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. சனிக்கிழமை பணம் அடுத்த வெள்ளிக்குள் செலவாகிவிடும் வீட்டில், மாதத்துக்கு ஒரு தடவை பெரிய பில் வந்து நிற்பது சங்கடம். கார்டுதான் வேண்டும் என்றால், அந்த வாரம் தேய்த்ததை அந்தச் சனிக்கிழமையே ஆப்பில் கட்டிவிடுவதே சரி. ஸ்டேட்மென்ட் வரக் காத்திருக்க வேண்டியதில்லை, கெடுவுக்கு முன்னால் எத்தனை தடவை வேண்டுமானாலும் கட்டலாம். அதற்கான ஒழுங்கு வீட்டில் இல்லை என்றால் வேண்டாமுங்க என்று சொல்லிவிடுங்கள்.

ஜாப் ஒர்க் எடுப்பவர்கள்தான் இதில் அதிகம் யோசிக்க வேண்டியவர்கள். திருப்பூரில் நிட்டிங், காம்பாக்டிங், பிரின்டிங்; கோவையில் லேத், பவுண்டரி, பம்ப் உதிரிபாகம்; கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைக்கு வேலை செய்து கொடுப்பவர்கள். எல்லோருக்கும் பில் பணம் 60 நாள், 90 நாள் என்று பேசி, அதையும் தாண்டி வரும். கார்டு தருவது அதிகபட்சம் 50 நாள். நடுவில் இருக்கும் 40 நாளை நாலரை ரூபாய் வட்டி நிரப்பும். முன்னே சொன்ன ₹60,000-ஐ மினிமம் மட்டும் கட்டி 90 நாள் இழுத்தால் வட்டியும் ஜிஎஸ்டியும் ₹7,500-ஐத் தாண்டும். அதே தொகைக்கு 80 பைசா வட்டியில் நகைக் கடன் எடுத்திருந்தால் மூன்று மாதத்துக்கு ₹1,440. தொழிலுக்கு நடப்பு மூலதனம் வேண்டுமென்றால் வங்கியில் சிசி லிமிட்டோ (கேஷ் கிரெடிட் என்னும் தொழில் கடன்), சிறுதொழிலுக்கான அரசுத் திட்டமான முத்ரா கடனோ கேட்பதே முறை. அதற்கு ஆடிட்டரும் கணக்கும் வேண்டும், நாள் பிடிக்கும். கார்டு இரண்டு நிமிடத்தில் கிடைக்கிறது என்பதற்காக அந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

மஞ்சள், கரும்பு, மரவள்ளி போட்டவர்களுக்கும் இதே பதில்தான். விளைச்சலை நம்பிக் கார்டில் உரம் வாங்கக் கூடாது. கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ கிசான் கிரெடிட் கார்டு என்று கிடைப்பது பெயரில்தான் கார்டு. உண்மையில் அது அறுவடைக் காலத்தை ஒட்டித் திருப்பிக் கட்டும் பயிர்க்கடன், வட்டியும் பலமடங்கு குறைவு.

இலவசம் என்றால் எவ்வளவு இலவசம்?

'லைஃப் டைம் ஃப்ரீ' என்றால் சேரும் கட்டணமும் ஆண்டுக் கட்டணமும் இல்லை என்று அர்த்தம். 'முதல் ஆண்டு இலவசம்' என்றால் 13-வது மாதம் பில் வரும். ₹500 கட்டணம் ஜிஎஸ்டியோடு ₹590. 'ஆண்டுக்கு ஒரு லட்சம் செலவு செய்தால் கட்டணம் இல்லை' என்ற வகையும் உண்டு. உங்கள் வழக்கமான செலவே அந்த அளவுக்கு இருந்தால் சரி, கட்டணத்தை மிச்சப்படுத்த ஏதாவது வாங்குவது நட்டம்.

பாயின்ட் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ₹100-க்கு 2 பாயின்ட், ஒரு பாயின்ட் 25 பைசா என்றால் கிடைப்பது அரை சதவீதம். ஆண்டுக்கு இரண்டு லட்சம் செலவு செய்தால் ஆயிரம் ரூபாய். ஆனால் பெட்ரோல், வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது போன்றவற்றுக்குப் பல கார்டுகளில் பாயின்ட் கிடையாது. நம் ஊர் எலக்ட்ரிக்கல் கடையிலும் விதை, உரக் கடையிலும் 'கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேருங்க' என்பார்கள். அங்கே அரை சதவீதம் வாங்க இரண்டு சதவீதம் கொடுக்கிறீர்கள். ரூபே கார்டை யுபிஐயில் இணைத்து க்யூஆர் ஸ்கேன் செய்யலாம், ஆனால் வியாபாரிக்கான க்யூஆரில் மட்டும்தான் பணம் போகும். சொந்தக் கணக்கின் க்யூஆரை ஒட்டியிருக்கும் சின்னக் கடைகளில் போகாது.

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்பதிலும் செலவு இருக்கிறது. வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டினாலும், அந்த வட்டியின் மேலான 18 சதவீத ஜிஎஸ்டி மாதாமாதம் வரும். பிராசசிங் கட்டணமும் சேரும்.

இத்தனைக்கும் பிறகும் கார்டு வாங்குவதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. கடன் வரலாறே இல்லாத 22 வயதுப் பையனோ பெண்ணோ, ஐந்து வருடம் கழித்து வீட்டுக் கடன் கேட்கும்போது, ஒரே ஒரு கார்டை ஒழுங்காகக் கட்டிய பதிவு பெரிய துணை. ஆஸ்பத்திரியில் இரவு பதினொரு மணிக்கு அட்வான்ஸ் கேட்கும்போது லிமிட் கை கொடுக்கும், ஆனால் ஐம்பது நாளுக்குள் அதை அடைக்க நகையோ டெபாசிட்டோ இருக்க வேண்டும். ப்ரீ அப்ரூவ்ட் செய்தி வராதவர்களுக்கும் வழி உண்டு: பிக்சட் டெபாசிட்டை அடமானமாக வைத்து, அதில் பெரும்பாலும் 80, 90 சதவீதம் லிமிட்டாகத் தருகிறார்கள். டெபாசிட்டுக்கு வட்டியும் நிற்காமல் வரும்.

அடுத்த ஆறு மாதத்தில் வீட்டுக் கடனோ வண்டிக் கடனோ எடுக்கப் போகிறீர்கள் என்றால், புதுக் கார்டைத் தள்ளி வையுங்கள். புது விசாரணை ஒன்று பதிவாகும். கார்டில் பாக்கி நின்றால் அதில் 5 சதவீதத்தை உங்கள் மாதத் தவணையாகக் கணக்கில் எடுத்துக் கடன் தொகையைக் குறைக்கும் வங்கிகளும் இருக்கின்றன. கார்டு இருப்பவர்களும் லிமிட்டில் 30 சதவீதத்துக்கு மேல் பாக்கி காட்டாமல் பார்த்துக்கொள்வது ஸ்கோருக்கு நல்லது. வேண்டாம் என்று சொன்னால் ஸ்கோர் குறையுமோ என்று பயப்பட வேண்டாம், குறையாது. தீபாவளிக்குள் அதே செய்தி மறுபடி வரும்.

அழைப்பு யாரிடமிருந்து?

செய்தியிலுள்ள லிங்க்கைத் தொடாதீர்கள். வங்கியின் ஆப்பை நீங்களே திறந்து, ஆஃபர் பகுதியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தச் செய்தி பொய். விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்தும், கணக்கு தொடர்பான சேவை அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்ணிலிருந்தும் வர வேண்டும். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து 'கார்டு ஆக்டிவேட் பண்றோம், ஓடிபி சொல்லுங்க' என்றால் போனை வைத்துவிடுங்கள். வங்கிகளின் இணைய முகவரி இப்போது 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும். ஏமாந்துவிட்டால் நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். உண்மையான வங்கி முகவராகவே இருந்தாலும் காலை 10 முதல் மாலை 7 வரைதான் அழைக்கலாம்.

'சும்மா வெரிபிகேஷன்தானுங்க' என்று சொல்லி வாங்கும் ஓடிபியே சிலசமயம் உங்கள் சம்மதமாகிவிடும். அதோடு கார்டு பாதுகாப்புத் திட்டம், காப்பீடு என்று ஏதாவது சேர்த்துவிடுவதும் நடக்கிறது. ஓடிபி வந்த செய்தியை முழுதாகப் படியுங்கள், எதற்கான ஓடிபி என்று அதிலேயே இருக்கும். விண்ணப்பத்தோடு ஒரே பக்கத்தில் முக்கிய விவர அறிக்கை தர வேண்டும் என்பது விதி. வட்டி, கட்டணம் எல்லாம் அதில் இருக்கும். அது இல்லாமல் சம்மதம் தர வேண்டாம்.

கேட்காமலே கார்டு வீட்டுக்கு வந்துவிட்டால்? ரிசர்வ் வங்கியின் விதிமுறை இதைத் தடை செய்கிறது. உங்கள் சம்மதமில்லாமல் கார்டைத் தந்து கட்டணமும் போட்டால், வங்கி அதைத் திருப்பித் தருவதோடு அதைப்போல் இரு மடங்கு அபராதமும் தர வேண்டும். விண்ணப்பித்து வாங்கிய கார்டையே 30 நாளாக ஆக்டிவேட் செய்யவில்லை என்றாலும், வங்கி ஓடிபி மூலம் சம்மதம் கேட்க வேண்டும். தராவிட்டால் ஏழு வேலை நாளில் செலவில்லாமல் கணக்கை மூடியாக வேண்டும். லிமிட்டை உயர்த்தவும் உங்கள் சம்மதம் வேண்டும்.

வேண்டாத கார்டைக் கத்தரியால் வெட்டிப் போட்டால் கணக்கு மூடியதாக ஆகாது. ஆண்டுக் கட்டணம் ₹590 பில்லாகி, கட்டாமல் வளர்ந்து, சில வருடம் கழித்து வீட்டுக் கடனுக்குப் போகும்போது ரிப்போர்ட்டில் நிலுவையாக நிற்கும். முதலில் பாக்கியைப் பூஜ்யமாக்குங்கள். பாயின்ட்டை எடுத்துவிடுங்கள். அந்தக் கார்டில் ஓடும் ஓடிடி சந்தா, இன்சூரன்ஸ் தவணைகளை நிறுத்துங்கள். பிறகு ஆப்பிலோ மின்னஞ்சலிலோ மூடச் சொல்லிக் கேட்டு, புகார் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி இல்லாத கணக்கை ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ₹500 உங்களுக்குத் தர வேண்டும். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம், உதவிக்கு 14448. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தருகின்றன. கார்டை மூடி இரண்டு மாதம் கழித்து அதில் ஒன்றை எடுத்து, அந்தக் கணக்கு 'குளோஸ்டு' என்று பதிவாகி, நிலுவை பூஜ்யமாக இருக்கிறதா என்று பாருங்கள்.